வழிபடுவோருக்குக் காவல் நிற்கும் வீரர்கள்: யூதப் புனிதத் தலங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எருசலேம் பயணம் போய்வரும் தமிழர்கள் ஊர் திரும்பியதும் சொல்லும் முதல் விஷயங்களில் ஒன்று, "எங்கே பார்த்தாலும் துப்பாக்கியோடு பிள்ளைகள் நிற்கிறார்கள்" என்பது. கல்லூரி வயதுப் பையன்களும் பெண்களும்தான். அவர்கள் ஏன் அங்கே நிற்கிறார்கள், அவர்களுக்கு நன்றி சொல்வதை யூதர்கள் ஏன் வழிபாட்டின் ஒரு பகுதியாகவே வைத்திருக்கிறார்கள், அந்த நன்றியில் நாமும் சேர்ந்துகொள்ளலாமா என்று பலர் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளும் பதில்களும் கீழே.

எந்தத் தலங்களைப் பற்றிப் பேசுகிறோம்?

முக்கியமாக நான்கு. எருசலேமில், பழைய யூத ஆலயம் நின்ற ஆலய மலையின் மேற்குச் சுவர். எப்ரோனில் ஆபிரகாம் குடும்பத்தின் அடக்கத்தலமான மக்பேலா குகை. பெத்லகேம் வாசலில் ராகேலின் கல்லறை. நாப்லஸ் நகரில், அதாவது வேதாகமம் சொல்லும் சீகேமில், யோசேப்பின் கல்லறை. மேற்குச் சுவரில் காவல் பெரும்பாலும் காவல்துறையின் பொறுப்பு. மற்ற மூன்றிலும் ராணுவமும் எல்லைக் காவல் படையும் நிற்கின்றன.

மூன்றும் மேற்குக் கரையில் இருக்கின்றன. உலக நாடுகளில் பெரும்பாலானவை அதை ஆக்கிரமிக்கப்பட்ட பகுதி என்கின்றன, இஸ்ரேல் அதை ஏற்பதில்லை. அந்த வழக்கை இந்தப் பக்கத்தில் தீர்க்க முடியாது. ஆனால் அதை மறைத்துவிட்டு இந்த விஷயத்தைப் பேசுவதும் நேர்மையாகாது.

சாமி கும்பிடப் போகிறவர்களுக்கு எதற்கு ராணுவம்?

யோசேப்பின் கல்லறைக்கு ஒரு தடவை போய்வருவது எப்படி என்று பார்த்தாலே இதற்கு விடை கிடைத்துவிடும். 2000 அக்டோபர் முதல் வாரத்தில் இஸ்ரேல் ராணுவம் அந்த இடத்தை விட்டு வெளியேறியது. வெளியேறிய உடனே கூட்டம் புகுந்து அதைச் சூறையாடியது. 2015 அக்டோபரில் தீ வைத்தார்கள். 2022 ஏப்ரலில் மறுபடியும் உள்ளே புகுந்து கல்லறையை உடைத்தார்கள். இடம் பாலஸ்தீன நிர்வாகத்தின் கட்டுப்பாட்டில் உள்ள நகரத்துக்குள் இருக்கிறது. 2000க்குப் பிறகு பல ஆண்டுகளாக யூதர்கள் அங்கே பகலில் போக முடிந்ததில்லை.

ஆகவே பெரும்பாலும் குறிப்பிட்ட சில இரவுகளில்தான் போகிறார்கள். முதலில் ராணுவம் நுழைந்து சாலையை அடைக்கிறது, வெடிபொருள் புதைத்திருக்கிறதா என்று சோதிக்கிறது. நள்ளிரவு வாக்கில் பேருந்துகள் வரிசையாக வருகின்றன. இறங்கியவர்கள் அவசரம் அவசரமாக உள்ளே போய், சங்கீதம் சொல்லி, கல்லறையைத் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும், ஏனென்றால் அடுத்த பேருந்து காத்திருக்கும். சுற்றிலும் கல் விழுகிறது, சில இரவுகளில் துப்பாக்கிச் சூடும் நடக்கிறது. 2022 ஜூன் கடைசியில் அப்படி ஒரு இரவில் அந்தப் பகுதியின் படைத் தளபதியே காயப்பட்டார். விடிவதற்குள் எல்லோரும் வெளியே வந்துவிடுவதே வழக்கம். கடைசிப் பேருந்து போன பிறகுதான் வீரர்கள் கிளம்புவார்கள்.

உள்ளே ஜெபிக்கிறவருக்குக் கிடைக்கும் அந்தக் கொஞ்ச நேரத்துக்காக, வெளியே ஒருவர் இரவு முழுக்க முதுகைக் கல்லறைக்கும் முகத்தை இருட்டுக்கும் காட்டிக்கொண்டு நிற்கிறார்.

காவல் நின்றதற்காக யாராவது உயிரையே கொடுத்திருக்கிறார்களா?

பலர் கொடுத்திருக்கிறார்கள். எப்ரோனில் 2002 நவம்பர் 15 அன்று நடந்ததை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அன்று வெள்ளிக்கிழமை மாலை, யூதர்களின் ஓய்வுநாளான சபத் தொடங்கிவிட்டது. மக்பேலா குகையில் ஜெபத்தை முடித்த யூதர்கள் பக்கத்திலுள்ள கிரியாத் அர்பா என்ற யூதக் குடியிருப்பை நோக்கி நடந்து திரும்பினார்கள். சபத் நாளில் அவர்கள் வண்டி ஏறுவதில்லை. அவர்கள் நடந்துபோகும் பாதைக்கே வழிபடுவோர் பாதை என்றுதான் பெயர். அவர்கள் போய்ச் சேர்ந்த பிறகு, பாதுகாப்புக்கு நின்ற வீரர்கள் மீது இஸ்லாமிய ஜிகாத் என்ற பாலஸ்தீன ஆயுத அமைப்பினர் மூவர் சுட்டார்கள். பக்கத்தில் ஒரு முட்டுச்சந்து இருந்தது. சூடுபட்டவர்களைக் காப்பாற்ற அதற்குள் ஓடியவர்கள் ஒருவர் பின் ஒருவராக விழுந்தார்கள். எப்ரோன் படைப்பிரிவின் தளபதி கர்னல் ட்ரோர் வைன்பர்க் தானே முன்னால் போனார். அவரும் திரும்பவில்லை.

இறந்தவர்கள் 12 பேர். அந்தப் 12 பேருமே காவல் பணியில் இருந்தவர்கள், இல்லாவிட்டால் உதவிக்கு ஓடியவர்கள். வழிபட்டவர்கள் தாக்கப்பட்டதாகத்தான் முதலில் செய்தி பரவியது. உண்மையில் அவர்கள் வீடு சேர்ந்திருந்தார்கள். அந்த வெள்ளிக்கிழமை விருந்து மேசையில் உட்கார்ந்திருந்த ஒவ்வொரு குடும்பமும் யாருக்குக் கடன்பட்டிருக்கிறது என்பதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நன்றி சொல்வதற்கு யூத மரபில் என்ன அடிப்படை?

நிறையவே இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது மோசேயைப் பற்றி ரபிகள், அதாவது யூத மத ஆசிரியர்கள், சொல்லும் விளக்கம். எகிப்தில் நைல் நதியை இரத்தமாக்கக் கோலால் அடித்தது மோசே அல்ல, ஆரோன். ஏன்? குழந்தையாக நாணற்பெட்டியில் கிடந்த மோசேயை அந்தத் தண்ணீர் காப்பாற்றியது. தன்னைக் காத்த தண்ணீரை அவர் கையால் அடிக்கக் கூடாது என்பது ரபிகளின் பதில். உயிரில்லாத தண்ணீருக்கே இந்த மரியாதை என்றால், விரும்பி நின்று காக்கிற மனிதருக்கு எவ்வளவு வேண்டும்!

இன்னொன்று யூதச் சட்ட விளக்கத் தொகுப்பான தல்மூதில் வருகிறது, அதுவும் ஆலய மலையிலேயே நடப்பது. பென் சோமா என்ற ஞானி ஆலய மலையின் படியில் நின்று பெருங்கூட்டத்தைப் பார்க்கிறார். இத்தனை பேரையும் எனக்கு உதவியாகப் படைத்தவருக்கு ஸ்தோத்திரம் என்கிறார். ஆதாம் ஒரு கவளம் அப்பம் சாப்பிட உழுது, விதைத்து, அறுத்து, போரடித்து, மாவரைத்துப் பாடுபட்டார், நானோ காலையில் எழுந்தால் எல்லாம் தயாராக இருக்கிறது என்று கணக்குப் போடுகிறார். தனக்குக் கிடைத்த ஒவ்வொன்றின் பின்னாலும் யாரோ ஒருவருடைய உழைப்பு இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கும் பழக்கம் இது.

வீரர்களுக்கென்றே ஒரு ஜெபமும் உண்டு. ராணுவத்தின் தலைமை ரபியாக இருந்த ஷ்லோமோ கோரன் 1950களில் இயற்றியது. லெபனான் எல்லையிலிருந்து எகிப்து பாலைவனம் வரை, தரையிலும் வானிலும் கடலிலும் காவல் நிற்பவர்களை ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபின் தேவன் ஆசீர்வதிக்கட்டும் என்று அது வேண்டுகிறது. சபத் காலையில் தோரா (மோசேயின் ஐந்து நூல்கள்) வாசிப்பை ஒட்டிப் பல ஜெப ஆலயங்களில் இதைச் சொல்கிறார்கள், அநேக இடங்களில் சபையே எழுந்து நிற்கிறது. தீவிர மரபுவாதச் சபைகள் சில இந்த ஜெபத்தைச் சொல்வதில்லை. அவற்றில் பல வீரர்களுக்காகச் சங்கீதம் சொல்கின்றன.

கடவுள்தானே காக்கிறார்? அப்புறம் வீரருக்கு எதற்கு நன்றி?

கிறிஸ்தவ வாசகர்கள் அடிக்கடி கேட்பது இது. "இதோ, இஸ்ரவேலைக் காக்கிறவர் உறங்குவதுமில்லை தூங்குவதுமில்லை" என்ற 121ஆம் சங்கீதம் நமக்கு மனப்பாடம். "கர்த்தர் நகரத்தைக் காவாராகில் காவலாளர் விழித்திருக்கிறது விருதா" என்கிறது 127ஆம் சங்கீதம்.

ஆனால் அந்த வசனத்திலும் காவலாளர் விழித்துக்கொண்டுதான் இருக்கிறார். அவரை வீட்டுக்குப் போய்ப் படுக்கச் சொல்லவில்லை. எருசலேமின் அலங்கத்தைக் கட்டிய நெகேமியா, எதிரிகள் சூழ்ந்தபோது ஜெபமும் பண்ணினார், இரவும் பகலும் காவலும் வைத்தார். ஒரு கையால் வேலை, மறு கையில் ஆயுதம். தாவீதும் ஒரு போருக்குப் பிறகு, முன்னணியில் சண்டை போட்டவர்களுக்கு என்ன பங்கோ, பின்னால் நின்று மூட்டைமுடிச்சுகளைக் காத்தவர்களுக்கும் அதே பங்கு என்று கட்டளையிட்டார். பெரிய சண்டை எதுவும் நடக்காமல் போன காவலுக்கும் அவர் மதிப்பில் குறைவில்லை. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. ஒன்றுமே நடக்காத இரவுக்காகத்தான் காவல் வீரர் அங்கே நிற்கிறார்.

சபத் நாளில் வேலை செய்யக் கூடாது என்றால் இந்த வீரர்கள் எப்படிக் காவல் பார்க்கிறார்கள்?

உயிரைக் காப்பது சபத்தை விட மேலானது என்பது உறுதியான சட்டம். இதற்குக் கொடுத்த விலை அதிகம். கிரேக்க ஆட்சியை எதிர்த்து எழுந்த மக்கபேயர் காலத்தில் பக்தர்கள் சபத் நாளில் கையைத் தூக்க மறுத்ததால், ஏறக்குறைய ஆயிரம் பேர் பெண்டு பிள்ளைகளோடு கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகுதான் மத்தத்தியாவும் அவரைச் சேர்ந்தவர்களும் சபத்திலும் தற்காத்துக்கொள்வோம் என்று முடிவெடுத்தார்கள். கத்தோலிக்க வாசகர்கள் மக்கபேயர் முதல் நூலின் 2ஆம் அதிகாரத்தில் இதைப் பார்க்கலாம்.

ஒரு கட்டளையைச் செய்துகொண்டிருப்பவர் அந்நேரத்தில் மற்றொரு கட்டளையிலிருந்து விடுபட்டவர் என்ற விதியும் உண்டு. எனவே குகை வாசலில் நிற்கும் வீரர் உள்ளே நடக்கும் ஜெபத்தில் சேர முடியவில்லை என்றால் அது அவருக்குக் குறை ஆகாது.

காவல் நிற்பவர்கள் எல்லோரும் யூதர்களா?

இல்லை. இந்தப் பக்கத்தில் யாராவது ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதென்றால் இதைப் படிக்கட்டும் என்று விரும்புகிறேன்.

இஸ்ரேலில் ட்ரூஸ் என்ற சிறுபான்மைச் சமூகம் இருக்கிறது. அரபி பேசுபவர்கள், தனிச் சமயத்தவர்கள். 1956 முதல் அந்தச் சமூகத்தின் ஆண்களுக்கும் கட்டாய ராணுவ சேவை உண்டு. 2000 அக்டோபர் 1 அன்று யோசேப்பின் கல்லறையில் காவலில் இருந்த எல்லைக் காவல் படை வீரர் மத்ஹத் யூசுப், பெய்த் ஜான் கிராமத்து ட்ரூஸ் இளைஞர். கழுத்தில் குண்டு பட்டது. அவரை வெளியே கொண்டுவர பாலஸ்தீனத் தரப்போடு பேச்சு நடந்துகொண்டே இருந்தது. மணிக்கணக்காக இரத்தம் போய், அங்கேயே இறந்தார். தன் சமயத்துக்குச் சொந்தமில்லாத ஒரு ஜெபத்தைக் காத்து நின்றவர் அவர். தன் ராணுவம் தன்னை வந்து எடுத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை அவருக்கு இருந்திருக்கும். அந்தக் குடும்பத்துக்கு நன்றி மட்டும் போதாது, ஒரு மன்னிப்பும் கடனாக இருக்கிறது என்பது என் கருத்து.

2017 ஜூலை 14 அன்று எருசலேமின் ஆலய மலை வாசலருகே சுட்டுக் கொல்லப்பட்ட காவலர் இருவரும் ட்ரூஸ்: ஹாயில் சதாவி, கமில் ஷ்னான்.

அடுத்தது ஹார் நோப். 2014 நவம்பர் 18, காலை ஜெப நேரம். எருசலேமின் அந்தப் பகுதியில் ஒரு ஜெப ஆலயத்துக்குள் புகுந்த இருவர், ஜெபச் சால்வை போர்த்தி நின்றவர்களை வெட்டியும் சுட்டும் தாக்கினார்கள். நால்வர் அங்கேயே இறந்தார்கள். ஐந்தாமவர் ஏறக்குறைய ஓராண்டு நினைவின்றிக் கிடந்து இறந்தார். முதலில் ஓடிவந்த காவலர்களில் ஒருவர் சிதான் சைப் என்ற ட்ரூஸ், போக்குவரத்துக் காவலர். சண்டையில் குண்டு பட்டு அன்றிரவே இறந்தார். அவருக்குச் சில மாதக் கைக்குழந்தை இருந்தது.

வடக்கே யானூஹ்-ஜத் கிராமத்தில் நடந்த அவர் அடக்கத்துக்கு எருசலேமிலிருந்து கறுப்புக் கோட்டும் தொப்பியும் அணிந்த தீவிர மரபுவாத யூதர்கள் பேருந்து பேருந்தாகப் போனார்கள். இஸ்ரேலின் அப்போதைய குடியரசுத் தலைவர் ரூவென் ரிவ்லினும் போனார். அந்தக் கறுப்புக் கோட்டுக்காரர்களில் பலரின் சமூகம் ராணுவத்தில் சேரவே மறுப்பது. ட்ரூஸ் கிராமம் ஒன்றில் அவர்கள் அதற்கு முன் கால் வைத்திருப்பார்களா என்பதே சந்தேகம். ஆனாலும் போனார்கள். நன்றி என்றால் என்னவென்று யாராவது கேட்டால் நான் சொல்லும் உதாரணம் அந்தப் பேருந்துப் பயணம்தான்.

பாலஸ்தீனியர்கள் படும் பாட்டை மறந்துவிட்டா நன்றி சொல்வது?

மறக்கக் கூடாது. எப்ரோனில் வழிபடுவோரின் பாதுகாப்பு என்ற பெயரில் கடைத்தெருக்கள் மூடிக் கிடக்கின்றன. பாலஸ்தீனியர்கள் தங்கள் வீட்டுக்குப் போகவும் இப்ராகிமி மசூதிக்குத் (மக்பேலா குகைக் கட்டடத்துக்கு முஸ்லிம்கள் வைத்திருக்கும் பெயர்) தொழப் போகவும் சோதனைச் சாவடிகளைத் தாண்டியே ஆக வேண்டும். யோசேப்பின் கல்லறைக்குப் பேருந்து வரும் இரவுகளில் நாப்லஸ் இளைஞர்கள் காயப்பட்டிருக்கிறார்கள், இறந்தும் இருக்கிறார்கள். காக்கிற அதே துப்பாக்கி இன்னொரு வீட்டுக்கு அச்சமாக இருக்கிறது.

1994 பிப்ரவரி 25 பற்றியும் சொல்லியாக வேண்டும். ரமலான் மாத வெள்ளிக்கிழமை. பாருக் கோல்ட்ஸ்டைன் என்ற யூதர் ராணுவச் சீருடை அணிந்து, துப்பாக்கியோடு மசூதிக்குள் போய், தொழுதுகொண்டிருந்த 29 முஸ்லிம்களைக் கொன்றார். காவல் பணிக்கு வந்திருக்க வேண்டிய சிலர் அப்போது இடத்தில் இல்லை என்பது பின்னர் விசாரணை ஆணையத்தில் வெளிவந்தது. காவல் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடக் கொடிய சாட்சி வேண்டாம். காவல் நிற்கிற வீரரை நான் மதிப்பது, அவர் எந்த மதத்தவர் தொழுதாலும் அந்த வாசலைக் காக்கக் கடமைப்பட்டவர் என்பதால்தான். அந்தக் கடமையில் ஒரு கண்ணுக்கு வெண்ணெயும் மறு கண்ணுக்குச் சுண்ணாம்பும் வைக்கும்போது அந்த வீரரைக் கண்டிக்கவும் வேண்டும். ஒரு மனிதர் செய்த நன்மைக்கு நன்றி சொல்வதால் அவர் அரசு செய்வதெல்லாம் சரி என்று ஆகிவிடாது.

அதற்குப் பிறகு மக்பேலாவில் ஏற்பாடு என்ன?

கட்டடத்தைப் பிரித்துவிட்டார்கள். ஈசாக்கு, ரெபெக்காள் நினைவுமாடங்கள் உள்ள மண்டபம் முஸ்லிம்களுக்கு, யாக்கோபு, லேயாள் பக்கம் யூதர்களுக்கு. நடுவில் ஆபிரகாமின் மாடம். அதை யூதர்கள் ஒரு பக்கத்துக் கம்பிச் சன்னல் வழியாகவும் முஸ்லிம்கள் எதிர்ப்பக்கம் வழியாகவும் பார்க்கிறார்கள். இடையில் குண்டு துளைக்காத கண்ணாடி. ஆண்டில் 10 நாள் முழுக் கட்டடமும் யூதர்களுக்கு, வேறு 10 நாள் முழுக்க முஸ்லிம்களுக்கு. ஆபிரகாம் 400 சேக்கல் வெள்ளிக்கு அந்த நிலத்தை வாங்கிய ஆதியாகமப் பகுதியை வாசிக்கும் சபத் அன்று பல்லாயிரம் யூதர்கள் அங்கே கூடுகிறார்கள். வீரர்களுக்கு ஆண்டின் மிகக் கடினமான பணிநாட்களில் அதுவும் ஒன்று.

1967க்கு முன் பல நூற்றாண்டுகள் யூதர்களை வெளிப்படிக்கட்டின் ஏழாவது படிக்கு மேல் ஏற விட்டதில்லை. அதை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு வாசலில் நிற்கும் வீரர் எப்படித் தெரிவார் என்பதை நம்மால் ஊகிக்க முடியும்.

இஸ்ரேலுக்கு வெளியே யூதர்களின் வழிபாட்டை யார் காக்கிறார்கள்?

பல இடங்களில் அந்தந்த நாட்டுப் படையினரும் காவலரும்தான். துனிசியாவின் ஜெர்பா தீவில் எல் க்ரிபா என்ற பழமையான ஜெப ஆலயம் உள்ளது. ஆண்டுதோறும் அங்கே பெரிய யாத்திரை நடந்துவந்தது. 2023 மே 9 அன்று தேசியக் காவல் படையைச் சேர்ந்த ஒருவரே சக வீரரைக் கொன்று ஆயுதத்தை எடுத்துக்கொண்டு ஆலயத்துக்கு வந்து சுட்டார். யாத்திரிகர் இருவரும் பாதுகாப்புப் படையினர் மூவரும் பலியானார்கள். யூத யாத்திரிகருக்காக உயிர்விட்ட துனிசிய வீரர்களை உலகம் சீக்கிரம் மறந்துவிட்டது.

பிரான்சில் 2015 ஜனவரித் தாக்குதல்களுக்குப் பின் சுமார் 10,000 வீரர்கள் தெருவில் இறக்கப்பட்டார்கள். யூதப் பள்ளிகளும் ஜெப ஆலயங்களும் அவர்கள் காவலில் வந்தன. அடுத்த மாதமே நீஸ் நகரில் யூத மையம் ஒன்றுக்கு வெளியே நின்ற மூன்று வீரர்களை ஒருவர் கத்தியால் தாக்கினார். காவல் இல்லாத ஜெப ஆலயத்தின் கதியை ஜெர்மனியின் ஹாலே நகரம் காட்டியது. 2019 அக்டோபர் 9, யூதர்களின் பாவநிவர்த்தி நாளான யோம் கிப்பூர். உள்ளே ஐம்பது பேர் வரை இருந்தார்கள், வாசலில் காவலர் ஒருவர்கூட இல்லை. கதவின் பூட்டு தாங்கியதால் அவர்கள் பிழைத்தார்கள். வெளியே இருவர் கொல்லப்பட்டார்கள்.

நம் பக்கத்திலும் உண்டு. 2008 நவம்பரில் மும்பை நரிமன் இல்லத்து யூத மையத்தை மீட்கும் சண்டையில் தேசியப் பாதுகாப்புப் படை வீரர் கஜேந்திர சிங் பிஷ்ட் உயிரிழந்தார். அவருக்கு அசோக சக்கரம் வழங்கப்பட்டது. இலங்கையில் தமிழ் பேசும் மக்கள் வாழும் பொத்துவில் அருகே, அறுகம்பையில், இஸ்ரேலியப் பயணிகளுக்கு ஆபத்து என்று 2024 அக்டோபரில் எச்சரிக்கை வந்தபோது, அவர்கள் கூடும் இடத்துக்கு இலங்கைப் படையினர்தான் காவல் நின்றார்கள்.

யூதர்கள் இந்த நன்றியை எப்படிக் காட்டுகிறார்கள்?

பெரும்பாலும் சாப்பாட்டில். சபத் விருந்துக்கு வீரரை வீட்டுக்கு அழைப்பார்கள். பணியை விட்டு வர முடியாதென்றால் சாவடிக்கே சூடாகக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். ஹனுக்கா பண்டிகையில் ஜாம் வைத்த பொரித்த பணியாரம், பூரிம் பண்டிகையில் தின்பண்டப் பொட்டலம், குளிர்காலத்தில் கையால் பின்னிய கம்பளித் தொப்பி, பள்ளிப் பிள்ளைகள் கிரேயானில் வரைந்த வாழ்த்து. எருசலேமுக்கும் எப்ரோனுக்கும் இடையே உள்ள கூஷ் எட்சியோன் சாலைச் சந்திப்பில் தன்னார்வலர்கள் நடத்தும் ஒரு சிறு கடையில் வீரர்களுக்குக் காப்பியும் கேக்கும் இலவசம். துப்பாக்கியைத் தோளில் போட்டபடி வந்து, ஒரு துண்டு கேக்கை இரண்டே வாயில் முடித்துவிட்டு ஓடுகிற பிள்ளைகளுக்கு அங்கே பாட்டி வயதுப் பெண்கள் இன்னொரு துண்டைக் கையில் திணிப்பார்கள்.

பயணம் போகும் நாம் என்ன செய்யலாம்?

"தோடா ரபா" என்றால் எபிரேயத்தில் மிக்க நன்றி. வெள்ளி மாலை முதல் சனி வரை "ஷபத் ஷலோம்" சொல்லலாம். சிரித்த முகத்தோடு சொன்னால் போதும். பேச்சை வளர்க்காதீர்கள், வீரரின் கண் கூட்டத்தின் மேல் இருக்க வேண்டும்.

வீட்டிலிருந்து கொண்டுபோன முறுக்கு, அதிரசம் கொடுக்க ஆசையாக இருக்கும். பணியில் நிற்பவர் முன்பின் தெரியாதவரிடமிருந்து பொட்டலம் வாங்கத் தயங்குவார், உணவுச் சட்டமும் இருக்கிறது. அங்கேயே கடையில் வாங்கிய, கோஷர் (யூத உணவுச் சட்டப்படியானது) என்ற முத்திரை உள்ள, பிரிக்காத பாக்கெட்டும் தண்ணீர் பாட்டிலும் நல்லது. கொடுக்கும் முன் கேளுங்கள். வேண்டாமென்றால் மனத்தாங்கல் வேண்டாம்.

அவர்களோடு படம் எடுத்துக்கொள்ளலாமா?

கேட்டுவிட்டு மட்டும். சாவடியையும் சோதனைக் கருவிகளையும் எடுக்கவே வேண்டாம். வீரரின் முகம் தெரியும் படத்தை, எந்த இடத்தில் எந்த நேரத்தில் என்ற விவரத்தோடு வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். சபத் நாளில் மேற்குச் சுவரருகே யார் படம் எடுத்தாலும் வழிபடுவோர் மனம் புண்படும், அன்று கேமராவைப் பைக்குள் வைத்துவிடுங்கள்.